பண்டைத் தமிழர் பள்ளியும் படுக்கையும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் துயிலிற் கழிக்கின்றான். ஆயினும், அத்துயிலுக்கு ஏற்ற படுக்கை எது என்பதில் மாந்தர் ஒருமனப்பட்டாரல்லர். மென்மை மிக்கதே சிறந்தது என்பார் ஒருசாரார். வன்றரையே உடலுக்கு உறுதி தரும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் தமிழர் வரலாற்றில் மிகப் பழையன. அவ்வரலாற்றை ஆராயுமிடத்து இவ்விரண்டும் குறையுடையன என்பது புலனாகும்.

படுக்கையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அணை, அமளி, சேக்கை, பாயல், பள்ளி என்பன அவற்றுட் சில. துயிலிடத்தைக் குறித்த பள்ளி என்னுஞ் சொல்லே சமண பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும், கல்வி பயிலும் இடத்தையும் குறிக்கலாயிற்று. செல்வர் துயின்ற அமளிக்கு ஐவகைப் பொருள்களை உரையாசிரியர்கள் எண்ணிக் கூறுவர். இலவம்பஞ்சு, வெண்பஞ்சு, செம்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என்பன அவ்வைந்து என்பது ஒரு வழக்கு. ஆண்டாளும் திருப்பாவையிற் பஞ்சசயனத்தைக் குறிப்பிடுகின்றாள்.

மென்மையொன்றையே அக்காலத்தார் கருதினரல்லர், பருவத்தையும் கருதினர். வேனிற்பள்ளி வேறாகவும் கூதிர்ப்பள்ளி வேறாகவும் அமைந்தமையைச் சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதை காட்டும். முன்னது தென்றல் புகுதற்குரியது. பின்னது வாடைக்கு அஞ்சிச் சாளரம் அடைக்கப்பெறுவது. வெப்பநாட்டிற் படுக்கையின் நலம் அதன் மேற்செல்லும் காற்றையும் பொறுத்தது என்பதனை அவர் அறிந்திருந்தனர்.

சங்க நூல்களிற் கூறப்படும் படுக்கைகளுள் மிக விரிவாக வருணிக்கப்படுவது நெடுநல்வாடையில் வரும் பாண்டிமாதேவியின் கட்டிலாகும். நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் கொம்பினாற் செய்யப்பெற்றது அது. அதன்மேல், துணையோடு கூடிய அன்னங்களின் தூவி பரப்பிய அணை இடப்பட்டிருந்தது. காலமோ கூதிர்; அணையோ அதற்கு ஏற்றது. எனினும் அரசி துயின்றாளல்லள். போர்க்களம் சென்ற கணவனை எண்ணிக் கண்ணீர் உகுத்து விழித்திருந்தாள். பாசறையிலிருந்த அரசனும் நள்ளிரவிலே துயில் கொள்ளாது, புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றித் திரிந்தான். நாட்டிலே தலைசிறந்த படுக்கை துயிலைத் தரவில்லை என்பதை நக்கீரர் எடுத்துரைக்காமலே உணர்த்திவிட்டார்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்று புறநானூற்று ஐம்பதாம் பாடலில் உளது. மோசிகீரனார் என்னும் புலவர், நீராட்டுதற்கு முரசம் எடுத்துச் செல்லப்பட்டிருந்த வேளையில், பூப்பரப்பிய முரசுகட்டிலின்மேல் அறியாது கிடந்து துயின்றார். அஃது உயிரிழத்தற்குரிய குற்றமாகும். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை ஓங்காது கவரியை எடுத்து வீசினான். புலவர் துயின்றது கட்டிலின் சிறப்பினால் அன்று. உடலின் களைப்பும் உள்ளத்தின் அமைதியுமே அதற்குக் காரணமாம்.

இனி, வன்மையைப் போற்றியோர் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். பாண்டிநாட்டு மலைக்குகைகளிற் சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. மாங்குளத்துக் கல்வெட்டுக்கள் நெடுஞ்செழியன் பெயரைக் கூறுகின்றன. கருவூரையடுத்த புகலூரில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முனிவர்க்கு உறையுள் அமைத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு, இரும்பொறை மரபினர் மூவரைக் குறிக்கின்றது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னுங் குகையிற் பதினேழு கற்படுக்கைகள் உள. அவற்றின் தலைப்புறம் தலையணைபோற் சற்று உயர்த்தி வெட்டப்பட்டிருத்தல் கருதத்தக்கது. உலகைத் துறந்தோரும் கழுத்துக்கு வேண்டிய தாங்கலைத் துறந்திலர்.

பௌத்த விநய நூலும் இத்தகைய நடுநிலையையே கொண்டது. பஞ்சு பொதிந்த கட்டில் பிக்குகளுக்கு விலக்கப்பட்டது. ஆயினும், கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை என்னும் ஐந்தனுள் ஒன்றை அடைத்த மெத்தையும், தலையளவான தலையணையும் அவர்க்கு உடன்பாடாயின. செல்வர் ஐந்தை எண்ணியதுபோலத் துறவியரும் ஐந்தை எண்ணினர் என்பது சுவையான ஒற்றுமையாகும்.

பொதுமக்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை மேற்கொண்டனர். புற்பாயும் ஓலைப்பாயும் காற்றுக்கு இடங்கொடுத்து வியர்வையை உலர்த்தின. இலவம்பஞ்சு ஈரத்தை எளிதில் ஏற்பதன்று; அதன் இழைகள் உள்ளே புழையுடையன; ஆதலால் அது மிக இலேசானது. நாட்படக் கட்டிபடுதலே அதன் குறை. அதனால் வெயிலிற் காயவைத்தலும் பஞ்சைக் கொட்டி மீண்டும் அடைத்தலும் வீட்டு வழக்கங்களாயின. தென்னந்தும்பினால் ஆன மெத்தை சற்று வன்மையும் காற்றோட்டமும் உடையது.

இருபதாம் நூற்றாண்டு புதிய பொருள்களைத் தந்தது. 1929இல் டன்லொப் ஆய்வுகூடத்தார் இறப்பர்ப் பாலை நுரைக்கச்செய்து உறையவைக்கும் முறையைக் கண்டனர். 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் பொலியூரிதேனை உருவாக்கினர். இன்றைய நுரை மெத்தைகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படையாகும். இவை உடலைத் தாங்குவனவாயினும், வெப்பத்தை வெளிவிடாத வகைகள் எம்நாட்டு வேனிலுக்குப் பொருந்தா. வன்படுக்கையே முதுகுக்கு நன்று என்ற நெடுநாளைய எண்ணமும் சோதனைக்கு உள்ளாயிற்று. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலியுடைய 313 பேரிடம் நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வில், மிக வன்மையான மெத்தையினும் நடுத்தர வன்மையுடையதே கூடிய நலந் தந்தமை அறியப்பட்டது.

எனவே, படுக்கையைத் தேர்வார் விலையையும் மென்மையையும் மாத்திரம் நோக்குதல் சாலாது. பருவத்துக்கு ஏற்கும் காற்றோட்டம், முதுகந்தண்டு வளையாது நிற்றற்கு ஏற்ற தாங்கல், கழுத்துக்கு அளவான உயரம் ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும். கூதிர்ப்பள்ளி அமைத்தோரும், கல்லிலே தலைப்புறம் உயர்த்தியோரும் இவற்றை ஒருவாறு உணர்ந்திருந்தனர். நான்காவதொன்றும் உண்டு. அது கடையிற் கிடைப்பதன்று. அன்னத்தூவி அணையில் விழித்திருந்த அரசியும் முரசுகட்டிலில் அயர்ந்து துயின்ற புலவரும் அதற்குச் சான்றாவர்.