ரேடியோ கடிகாரம் – கணினி இணைப்பு (நீலகிரி)

தொலைவிலுள்ள அணுக் கடிகாரத்தின் நேரத்தை வானலையில் பெற்று, சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கு ஊட்டும் முறை. இந்தியாவில் நெட்டலை நேர ஒலிபரப்பு இல்லாததால், ஐரோப்பாவில் பரவிய வகைக் கடிகாரங்கள் நீலகிரியில் பயன்படுவதில்லை. அவற்றின் இடத்தில் ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கிறது.

முன்வரலாறு: வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். இன்றைய இந்திய நேரத்தின் தொடக்கம் அதுவே என்று எழுதுவோர் உண்டு. ஆனால் சென்னை நேரம் இன்றைய நேரத்துக்குச் சமமல்ல; அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடமே முந்தியது. எஞ்சிய விநாடிகள் 10 என்றும் 14 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. மலை ரயில் 1899-இல் குன்னூரை எட்டியபோது இந்திய ரயில்வேக்குப் பொதுவாக இருந்தது சென்னை நேரம்தான். இந்திய சீர்நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியுடன் சிற்றலையில் நேரத் துடிப்புகளை ஒலிபரப்பி வந்தது.

முத்தொரை: நீலகிரியில் நேரம் அறிவியல் கருவியாகவே ஆனது உதகையை அடுத்த முத்தொரையில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970-இல் செயல்படத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்தது இதன் தனி அழகு. அந்த இடத்தின் அட்சரேகையும் அவ்வளவே என்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அந்த ஒரே அச்சில் சுழற்றியே வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம்.

அதன் முதற்பணி, நிலவு ரேடியோ மூலங்களை மறைப்பதைப் பதிவு செய்வது. நிலவின் விளிம்பு எங்கே இருக்கும் என்பது முன்பே கணித்தது. ஆகவே மூலம் மறைந்த கணமும் மீண்ட கணமும் தெரிந்தால் அதன் இடம் தெரிந்துவிடும். நிலவு விநாடிக்குச் சுமார் அரை வில் விநாடி, அதாவது ஒரு பாகையில் 7,200-இல் ஒரு பங்கு, நகர்கிறது. கடிகாரம் ஒரு விநாடி பிசகினால் மூலத்தின் இடமும் ஏறக்குறைய அந்த அளவு பிசகும்.

இணைப்பு முறை: ஐரோப்பிய வகையில், ஜெர்மனியின் டி.சி.எஃப்.77 நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸில் 1973 முதல் நேரத்தைக் குறியீடாக அனுப்புகிறது. விநாடிதோறும் அலையின் வலிமை தாழும். 0.1 விநாடி தாழ்ந்தால் பூஜ்யம், 0.2 விநாடி தாழ்ந்தால் ஒன்று. 59-ஆம் விநாடியில் மட்டும் தாழ்வதில்லை. அடுத்து வரும் தாழ்வே புதிய நிமிடத்தின் தொடக்கம். எளிய ரிசீவருக்குத் தனி மின்சாரம்கூட வேண்டாம், போர்ட்டின் 4-ஆம் அல்லது 7-ஆம் பின் தரும் சில மில்லியாம்பியரே போதும்.

ஜிபிஎஸ்ஸில் வேலை இரண்டாகப் பிரிகிறது. தேதியும் மணியும் எழுத்துகளாக 2-ஆம் பின்னில் வரும். ஆனால் அவை வந்துசேரும் தாமதம் முறைக்கு முறை மாறும். ஆகவே விநாடிக்கு ஒன்றாக வரும் துடிப்பு வேறு கம்பியில், வழக்கமாக 1-ஆம் பின்னுக்கு, தரப்படுகிறது. எந்த விநாடி என்பதை எழுத்து சொல்லும். அது எப்போது பிறந்தது என்பதைத் துடிப்பு சொல்லும். இந்த ஏற்பாட்டில் கணினிக் கடிகாரத்தைச் சில மைக்ரோவிநாடிக்குள் நிறுத்தலாம். யூஎஸ்பி மாற்றியை நடுவில் வைத்தால் பிழை மில்லிவிநாடி அளவுக்கு ஏறிவிடும்.

மலையின் மூடுபனி ஜிபிஎஸ் அலையைத் தடுப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலைகளும், வானத்தை மறைக்கும் எதிர்மலையும் தடுக்கும். ஆயினும் நேரத்துக்கென்றே செய்த ரிசீவர், தான் இருக்கும் இடத்தை ஒருமுறை துல்லியமாக அறிந்துகொண்டால், பிறகு ஒரே செயற்கைக்கோளைக் கொண்டும் நேரம் சொல்லும். பள்ளத்தாக்கில் இருப்போருக்கு இது பெரிய வசதி.

அண்மைக்காலம்: புதிய கணினிகளில் சீரியல் போர்ட் அருகிவிட்டது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினிகளின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இணைய நேரச் சேவையகங்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சேவையகங்களோடு, ஒத்திசைக்கக் கோரியது.