சிர்த்தா நகரின் ஜப்திப் பட்டியல்

பாரிஸ் தேசிய நூலகத்தில் லத்தீன் 1711 என எண்ணிட்ட ஒரு கையெழுத்துச் சுவடி உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டது. மிலேவிஸ் ஆயர் ஒப்தாத்துஸ் 360களில் எழுதிய நூலின் பின்னால், பத்துப் பழைய ஆவணங்களை அதில் சேர்த்திருக்கிறார்கள். 1893இல் சிவ்சா அச்சிட்ட பதிப்பின் வழியே அவற்றை வாசித்தேன். முதல் ஆவணம் ஒரு விசாரணைக் குறிப்பு. நாள், கி.பி. 320 டிசம்பர் 13. விசாரிப்பவர் வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மாகாண ஆளுநர் செனோஃபிலுஸ். குற்றம் சாட்டப்பட்டவர் சிர்த்தா நகர ஆயர் சில்வானுஸ். அந்நகரம் இன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்.

சில்வானுஸ் தொனாத்துஸ் பிரிவைச் சேர்ந்தவர். பேரரசன் தியோக்ளேசியனின் 303ஆம் ஆண்டு ஆணைக்குப் பயந்து வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்கள் கறைபட்டவர்கள், அவர்கள் கையால் பெறும் அருட்சாதனமும் செல்லாது என்பது அப்பிரிவின் நிலைப்பாடு. அப்படிப்பட்ட பிரிவின் ஆயரே ஒப்படைத்தவர் என்பதுதான் குற்றச்சாட்டு.

சாட்டியவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். நுந்தினாரியுஸ் என்ற திருத்தொண்டர். சில்வானுஸால் பதவி பறிக்கப்பட்டு, சபையிலிருந்தும் விலக்கப்பட்டவர். மனக்கசப்பு உள்ளவரின் வாய்மொழியை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. அவரும் வாய்மொழியோடு நிற்கவில்லை; காகிதங்களோடு வந்திருந்தார்.

முதல் சாட்சி விக்டர், லத்தீன் இலக்கண ஆசிரியர். நூல்களைத் தேடி வந்தபோது தான் மலைக்கு ஓடிவிட்டதாகவும், அதிகாரிகள் வீட்டுக்குள் ஏறி எடுத்துச் சென்றதாகவும் அவர் சொல்கிறார். உடனே நுந்தினாரியுஸ் 303 மே 19ஆம் நாளின் நகராட்சிப் பதிவேட்டை வாசிக்கச் செய்கிறார். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஒரு ஜப்தி மகஜர். நகரப் பொறுப்பதிகாரி ஃபெலிக்ஸ் கேட்க, விக்டர் தம் கையாலேயே இரண்டு நூல்களையும் நான்கு ஏட்டுக் கட்டுகளையும் கொடுத்தது அதில் பதிவாகியிருக்கிறது. இன்னும் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன் என்று அன்று அவர் சொன்னதும் இருக்கிறது. அதற்குமேல் மறுக்க அவருக்கு வழியில்லை.

அந்த மகஜரை நான் மெதுவாக வாசித்தேன். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் கூஜா 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்கு 11. பிறகு பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 சோடி, பெண்கள் காலணி 47 சோடி. இல்லாதவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிகளாகத்தான் இவை இருக்க வேண்டும். பகைவனை மாட்டிவிடப் பொய் ஆவணம் எழுதுகிறவன் பெண்கள் காலணியைச் சோடி சோடியாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். இந்தப் பட்டியலை நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், இது யாரையும் விட்டுவைக்கவில்லை. அன்றைய ஆயர் பவுலுஸும் குருக்களும் அமர்ந்திருக்க, துணைத் தொண்டர்கள் பொருள்களை எடுத்து வெளியே வைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சில்வானுஸ். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகும், ஒரு பீப்பாய்க்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி ஒரு வெள்ளிப் பேழையையும் வெள்ளி விளக்கையும் கொண்டுவருகிறார். இவை கிடைக்காமல் போயிருந்தால் உன் கதை முடிந்திருக்கும் என்கிற பொருளில் உடனிருந்த ஒருவர் பேசியதும் பதிவாகியிருக்கிறது. அதே பக்கத்தில் கத்துல்லீனுஸ், மார்குக்லியுஸ் என்ற இரு துணைத் தொண்டர்கள் வருகிறார்கள். நூல்களை வைத்திருக்கும் வாசகர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம், கொல்வதானால் கொல்லுங்கள் என்கிறார்கள். அங்கேயே கைதாகிறார்கள். மறுப்பதற்கும் ஒரு வழி இருந்தது என்பதற்கு அவ்விருவரே சாட்சி.

ஒரு திருத்தம் இங்கே தேவை. இந்த மகஜர் சில்வானுஸ் வெள்ளிப் பொருள்களைக் கொடுத்ததைக் காட்டுகிறது. வேதநூலைக் கொடுத்ததைக் காட்டவில்லை. குற்றச்சாட்டின் ஒரு பகுதிக்கு ஆதாரம் உறுதியாகவும், இன்னொரு பகுதிக்குத் தளர்வாகவும் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் ஆயரானது எப்படி? சாட்சிகள் சொல்வது இது: நம் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும், இவர் ஒப்படைத்தவர் என்று மக்கள் கூச்சலிட்டார்கள். அவர்களை ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவிட்டு, முத்துஸ் என்ற அரங்க வீரன் சில்வானுஸைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அவருக்குத் திருநிலைப்பாடு அளித்தவர்கள் சிர்த்தாவில் கூடிய நுமிதிய ஆயர்கள்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பு என்று ஒன்றைப் பிற்காலத்து ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் எடுத்துத் தருகிறார். தலைமை ஏற்ற செகுந்துஸ் ஆயர்களை ஒவ்வொருவராகக் கேட்கிறார். ஒருவர் நற்செய்தி நூலைத் தீயிலிட்டதாகவும், இன்னொருவர் வேதநூலுக்குப் பதில் மருத்துவ நூல்களைக் கொடுத்ததாகவும் ஒப்புக்கொள்கிறார்கள். லிமாத்தா ஆயர் புர்புரியுஸ் மட்டும், உங்களையும்தான் நூல் கேட்டுப் பிடித்தார்களே, நீங்கள் எப்படி விடுதலையானீர்கள் என்று செகுந்துஸையே திருப்பிக் கேட்கிறார். பிளவு வரும் என்று அஞ்சி, தீர்ப்பைக் கடவுளிடம் விட்டு, எல்லாரையும் அமரச் சொல்லிவிடுகிறார் செகுந்துஸ். இதை நம்பலாமா? கூட்டம் நடந்தது மே மாதம் என்கிறார் ஒப்தாத்துஸ், மார்ச் என்கிறார் அகுஸ்தீன். திருச்சபைக் குறிப்புகளில் ரோம ஆட்சியாளர் பெயரால் ஆண்டு குறிப்பது வழக்கமில்லை என்று 411இல் கார்த்தேஜ் மாநாட்டில் தொனாத்துஸ் பிரிவினர் வாதிட்டார்கள். அந்த ஐயத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தக் குறிப்பை ஒதுக்கி வைத்தாலும் சிர்த்தா மகஜர் அசையாமல் நிற்கிறது.

என்னை மிகவும் வருத்தியவை விசாரணையில் வாசிக்கப்பட்ட கடிதங்கள். புர்புரியுஸ், ஃபோர்திஸ், சபீனுஸ் ஆகிய ஆயர்கள் எழுதியவை. நுந்தினாரியுஸோடு சமாதானமாகப் போகச் சொல்லிச் சில்வானுஸுக்கு எழுதுகிறார்கள். நடுவில் நின்று தீர்த்துவைக்கும்படி சிர்த்தா குருக்களுக்கும் மூப்பர்களுக்கும் எழுதுகிறார்கள். சமாதானம் நல்லதுதான். ஆனால் விஷயம் வெளியே போகக்கூடாது என்ற கவலைதான் வரிக்கு வரி தெரிகிறது. சில்வானுஸ் அதைச் செய்தாரா இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணமும் விசாரணையில் வெளிவருகிறது. லூசில்லா என்ற செல்வப் பெண்மணி, தொனாத்துஸ் பிரிவின் மயோரீனுஸ் கார்த்தேஜ் ஆயரானபோது 400 ஃபோலிஸ், அதாவது முத்திரையிட்ட நாணயப் பைகள், கொடுத்தார். ஏழைகளுக்கு என்று சொல்லப்பட்ட அந்தப் பணம் ஆயர்களிடம் போயிற்று. மக்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார்கள் சாட்சிகள். துணி வெளுப்பவரான இன்னொரு விக்டர் 20 ஃபோலிஸ் கொடுத்துக் குருவானார்.

இவை யாவும் தொனாத்துஸ் பிரிவின் எதிர்த்தரப்பு தொகுத்த ஆவணங்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் இதே சுவடியின் இரண்டாம் ஆவணத்தில், அந்த எதிர்த்தரப்பைச் சேர்ந்த அப்துங்கி ஆயர் ஃபெலிக்ஸ் மீது சுமத்திய இதே குற்றத்தை 315இல் ஆளுநர் ஏலியானுஸ் விசாரிக்கிறார். இங்கெந்தியுஸ் என்பவர் காட்டிய கடிதத்தின் கடைசிப் பகுதி தாம் எழுதியது இல்லை என்று அதை எழுதிய முன்னாள் நகரத் தலைவரே சொல்ல, ஒட்டு வெளிப்பட்டு ஃபெலிக்ஸ் விடுபடுகிறார். மூலக் காகிதத்தைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டதால் ஒருவர் சிக்கினார், ஒருவர் தப்பினார்.

சில்வானுஸ் மீதான தீர்ப்பு சுவடியில் இல்லை. ஒரு துணைத் தொண்டரின் சாட்சியத்தோடு ஏடு அறுபடுகிறது. சில்வானுஸ் நாடுகடத்தப்பட்டதை அகுஸ்தீன் வழியே அறிகிறோம். மற்றத் தரப்போடு ஒன்றுசேர மறுத்ததால்தான் அந்தத் தண்டனை என்று அவர் பிரிவினர் சொல்லிவந்தார்கள். 321இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் அப்பிரிவினரைத் தண்டிப்பதைக் கைவிட்டார். சில்வானுஸின் பெயர் இருந்த மகஜர் அவர் ஆயராக இருந்த ஆண்டுகள் முழுவதும் அதே ஊரின் பதிவேட்டில்தான் இருந்தது. விசாரணைக்கு வர 17 ஆண்டு ஆயிற்று.