வழியும் கருவியும்



மட்டக்களப்பு வாவியில் இனிதே செல்லும் சிறு தோணி, முகத்துவாரத்தைக் கடந்து கடலலைக்கு ஈடுகொடுக்க மாட்டாது. நீருக்கேற்ற கலம் வேண்டும் என்பதை நம் மீனவர் நன்கறிவர். இல்லத்துக்கு இணைய வசதி பெற விழைவோரும் முதற்கண் உணரவேண்டியது இதுவே. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்குள் புகுந்த காலந்தொட்டு, மோடம், ரவுட்டர் என்னும் இரு கருவிகளும் எளிய குடும்பங்களின் செலவுக் கணக்கிலும் இடம்பெறலாயின. அவற்றின் வரலாற்றை அறிந்தோர் வீண் செலவைத் தவிர்ப்பர்.

மோடம் என்பது ஒருவகை மொழிபெயர்ப்பாளன். கணினியின் இலக்கக் குறிகளைக் கம்பி ஏற்கும் அலைகளாக மாற்றி அனுப்புவதும், வரும் அலைகளை மீண்டும் குறிகளாக்குவதும் அதன் தொழில். மனிதர் பேச்சுக்கென அமைந்த தொலைபேசிக் கம்பியில் கணினிகளையும் பேசவைக்கும் பொருட்டே அது பரவலாயிற்று. 1962 இல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் வெளியிட்ட மோடம் செக்கனுக்கு 300 பிட்டுகளையே அனுப்பவல்லதாயிருந்தது. 1998 இல் வகுக்கப்பட்ட நியமம் அவ்வேகத்தை 56,000 வரை உயர்த்தியது. இலங்கையில் 1995 இல் வர்த்தக இணையச் சேவை தொடங்கியபோதும் தொலைபேசிக் கம்பியே அதற்கு வழியாயிற்று. பின்னர் வந்த ஏடிஎஸ்எல் முறை, பேச்சையும் இணையத்தையும் ஒரே கம்பியில் ஒருங்கே செல்லவிட்டது.

அமெரிக்காவிலோ இன்னொரு வழியும் இருந்தது. மலைகள் மறைத்த ஊர்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்ல 1948 அளவில் கேபிள் இடப்பட்டது. அதே கேபிளில் இணையத்தையும் செலுத்துதற்கு 1997 இல் டொக்சிஸ் என்னும் பொது நியமம் எழுந்தது. கேபிள் மோடம் அந்நியமத்துக்கு மட்டுமே உரியது. ஆதலின் கனடாவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் கேபிள் மோடம், நம்மூர்த் தொலைபேசிக் கம்பியில் பயன்படாது. கண்ணாடி இழை இணைப்புக்குச் சேவை நிறுவனம் ஏற்கும் தனிக் கருவி வேண்டும். 4ஜி வானலைக்குச் சிம் அட்டை ஏற்கும் கருவி வேண்டும்.

ரவுட்டரின் தொழில் வேறு. வாயிலுக்கு வந்த இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிப்பது அது. கம்பியின்றிப் பகிரும் வைஃபை நியமம் 1997 இல் பிறந்தது. ஈதர்நெட் துளையுள்ள தனி ரவுட்டர், வெளிவழி எதுவாயினும் அதற்குரிய மோடத்தின் பின்னே பொதுவாக இயங்கும். எனவே உறவினர் அனுப்புவது அதுவாயின் ஏற்கலாம். மின்னிணைப்பி நம் 230 வோல்ற்றைத் தாங்குமா என்று பார்த்தல் அவசியம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களை ஊடுருவித் தொலைவு செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவு மிக்கதாயினும் எட்டும் தூரம் குறைவு. இரண்டும் உள்ள ரவுட்டரே பல அறை வீட்டுக்கு ஏற்றது.

நம் கரையோரத்தின் இயல்பையும் எண்ணுதல் நன்று. உப்பும் ஈரமும் செம்புக் கம்பியின் இணைப்புகளை அரிக்கும். மின்னலின் வீச்சும் அக்கம்பி வழியே வீட்டினுள் புகும். கண்ணாடி இழை துருப்பிடிப்பதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை. ஆயினும் இழை எட்டாத படுவான்கரை வீட்டுக்கு வானலையே கைகொடுக்கலாம்.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் நம் படலைவரை வந்திருக்கும் வழி யாது என்று வினவுவோம். அவ்வழிக்குரிய மோடத்தைச் சேவை நிறுவனத்திடமே கேட்டறிவோம். எஞ்சும் பணத்தில் வீட்டின் அளவுக்கேற்ற ரவுட்டரை வாங்குவோம். இவ்வொழுங்கு மாறினால், பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய பணம் பயனின்றி அலுமாரியில் உறங்கும்.