லேசான குண்டா, கனமான குண்டா? ஒரு பழைய கேள்விக்குத் தாமதமான பதில்



சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காபி குடித்துக்கொண்டே, "சார், எட்டாம் வகுப்பில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஒரே துப்பாக்கியில் லேசான குண்டு தூரம் போகுமா, கனமான குண்டு தூரம் போகுமா என்று. லேசானதுதான், அதுதானே வேகமாகக் கிளம்பும் என்றீர்கள். அது தப்பு சார்" என்றான்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. எடுத்துப் படித்தேன். நான் செய்த அதே தப்பை அமெரிக்க ராணுவமும் செய்திருக்கிறது!

துப்பாக்கிக் குண்டின் எடையைக் 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்கள் வைத்திருந்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி எடைதான் ஒரு கிரெயின். காலிபர் என்பது குழலின் உள்விட்டம்.

1903இல் அமெரிக்க ராணுவம் 0.30 அங்குல காலிபர் துப்பாக்கிக்கு 220 கிரெயின் எடையுள்ள, மொட்டை முனைக் குண்டை வைத்திருந்தது. வேகம் நொடிக்குச் சுமார் 2,300 அடி. அதே காலத்தில் ஜெர்மனி 154 கிரெயினில் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. அதைப் பார்த்து 1906இல் அமெரிக்காவும் 150 கிரெயின் கூர்முனைக் குண்டுக்கு மாறியது. காலிபர் அதேதான். வேகம் 2,700 அடியாக உயர்ந்தது. சில நூறு கஜ தூரத்தில் குண்டு அதிகம் தாழாமல் நேராகப் போனது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அது அதிகபட்சம் 4,700 கஜம் போகும் என்றும் எழுதி வைத்தார்கள்.

முதல் உலகப் போர் வந்தது. இயந்திரத் துப்பாக்கிகளைத் தம் வீரர்களின் தலைக்கு மேலாக, மிகத் தொலைவுக்குச் சுட வேண்டியிருந்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது. பிறகு ஃப்ளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் சுட்டு அளந்தார்கள். சுமார் 3,400 கஜம்தான்! எழுதி வைத்ததில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்த எண்ணை நம்பிச் சுட்டால் குண்டு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் காற்று. காகித உருண்டையையும் அதே அளவு கூழாங்கல்லையும் எறிந்து பாருங்கள். காகிதம் கையை விட்டு வேகமாகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் சோர்ந்துவிடும். கல் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். குண்டும் அப்படித்தான். காலிபர் பெரிதானால் காற்று மோதும் பரப்பும் பெரிதாகும். ஆகவே எடையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. காலிபரோடும் வடிவத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாடம் கற்ற ராணுவம் 1920களில் 173 கிரெயினில், பின்பக்கம் படகு போலக் குறுகிய புதுக் குண்டைச் செய்தது. அது சுமார் 5,500 கஜம் போனது. கதை அங்கே முடியவில்லை. உள்நாட்டுப் பயிற்சித் திடல்கள் பலவற்றில் இலக்குக்குப் பின்னால் அவ்வளவு காலியிடம் இல்லை. ஊருக்குள் குண்டு விழுந்தால் என்ன ஆவது? 1930களின் இறுதியில் மறுபடியும் 150 கிரெயின் அளவுக்கே திரும்பினார்கள். ஆனால் நெடுந்தூரப் போட்டிக்காகப் பின்னால் செய்த தோட்டாவில் 173 கிரெயின் குண்டையே வைத்தார்கள்.

220, 150, 173, மறுபடி 150. காலிபர் ஒன்றே, எடை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. எவ்வளவு தூரம், எதற்காக, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் அன்று ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன்.

அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், என் பதிலை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியரைத் திருத்த நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம். அன்றே கையைத் தூக்குங்கள் என்று உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.