ஒலுவில் வளாகமும் கரையோர மக்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலான கரையோரத்தின் கல்வி வரலாறு, பெரும்பாலும் தலைவர்களின் கொடை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தக் கல்வி நிறுவனமும் தனியொருவரின் விருப்பினால் மட்டும் தோன்றுவதில்லை. நில உடைமையும் உற்பத்தி உறவுகளும் அரச அதிகாரமும் ஒரு குறித்த கட்டத்தில் கூடி அதனைத் தோற்றுவிக்கின்றன. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை இவ்வகையிலே நோக்குவது பயனுடைத்து.

இப்பிரதேசத்தின் பொருளாதாரம் நெல்லையும் கடலையும் தறியையும் ஆதாரமாகக் கொண்டது. வயலுக்குரிய போடியாரும் அவ்வயலிலே பாடுபடும் முல்லைக்காரரும் எதிரெதிர் நிலையினர். மருதமுனை நெசவாளரும் கரைவலை இழுப்போரும் போடியாரின் செல்வாக்குக்குப் புறம்பானவர் அல்லர். இச்சமூக அமைப்பிலே நவீன கல்வி தாமதித்தே நுழைந்தது. 1942 இல் அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கமொன்று தோன்றவும் காரணரானார். போர்க்கால உணவு நெருக்கடியே நெற்களஞ்சியமான இக்கரையோரத்தின்பால் அரசின் கவனத்தைத் திருப்பிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, முல்லைக்காரரின் பிள்ளையையும் போடியாரின் பிள்ளையையும் ஒரே வாங்கில் அமரச் செய்தது. தாய்மொழிக் கல்வி அதற்குத் துணைநின்றது. இவ்வாறு உருவான மத்தியதர வர்க்கத்துக்கு ஆசிரியத் தொழிலே பிரதான வாயிலாயிற்று. நீலாவணன், மருதூர்க்கொத்தன் ஆகியோர் இவ்வாசிரியர் பரம்பரையிலிருந்து வந்தவர்களே. ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். இருவரும் அடுத்தடுத்த ஊரினர். இருவருக்கும் பொதுவாயிருந்தது ஒரே மொழியும் ஒரே மண்ணும்.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உள்நாட்டில் பெருங் குடியேற்றங்களை உருவாக்கியது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது நிர்வாக மையமும் கரையோரத்தை விட்டு அகன்றது. நிலம், நீர், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் தாம் ஓரத்துக்குத் தள்ளப்படுவதாகக் கரையோர மக்கள் உணர்ந்தமைக்குப் பொருளியல் அடிப்படை இருந்தது.

1981 இல் மட்டக்களப்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது கிழக்கின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான அறிவுக்களமாக வளர்ந்திருக்கலாம். 1990 அவ்வாய்ப்பைத் தகர்த்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கின் முஸ்லிம் மாணவர் அச்சமின்றிப் பயில ஓர் இடம் வேண்டியதாயிற்று. 1994 இல் அமைச்சரான எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1996 மேயில் அது முழுமையான பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது.

ஆகவே இந்நிறுவனம் இரட்டைத் தன்மையுடையது. ஒருபுறம், புறக்கணிக்கப்பட்ட மக்களின் நியாயமான உரிமைக் கோரிக்கையின் வெற்றி அது. மறுபுறம், ஒரே மொழி பேசும் இரு சமூகங்களின் பிளவினது விளைவும் அதுவே. இவற்றுள் ஒன்றை மட்டும் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

பாடத்திட்டங்களும் எமது கவனத்துக்குரியன. கலை கலாசார பீடமும் முகாமைத்துவ வர்த்தக பீடமுமே முதலில் தோன்றின. ஆசிரியரையும் அலுவலரையும் உருவாக்கும் பழைய வழியின் தொடர்ச்சியாகவே அவை அமைந்தன. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும், பின்னர் இஸ்லாமிய கற்கைகள் அரபு மொழிப் பீடமும், பொறியியல், தொழினுட்பப் பீடங்களும் சேர்ந்தன. வெளிவாரிப் பட்டப் படிப்புகள் தொழில் புரிவோருக்கும் வாயில் திறந்தன. இன்று சிங்கள மாணவரும் இங்கு பயில்கின்றனர். 1990 மூடிய கதவொன்று இவ்வாறு எதிர்பாராத திசையிலே திறந்திருப்பது சிந்தனைக்குரியது.

ஆயினும் வயலும் கடலும் தறியும் பல்கலைக்கழகத்துள் எவ்வளவு நுழைந்துள்ளன என்ற வினா எஞ்சி நிற்கின்றது. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்து அவ்வூரின் கரையைக் கடல் அரித்தது. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. மீனவர் தம் தோணி நிறுத்திய கரையை இழந்தனர். அறுவடை இயந்திரம் வயற்கூலியைக் குறைத்த வீடுகளிலிருந்து உழைப்போர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். இவை ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தலைப்புகளாவது மட்டும் போதாது. கரையை இழந்தவருக்கு அவ்வரிப்பின் காரணத்தை அவரது மொழியிலே விளக்கவும், நட்டஈட்டுக்கான அவரது வாதத்துக்குச் சான்று வழங்கவும் வல்லதாகக் கல்வி அமைதல் வேண்டும். மருதமுனையின் தறிக்காரருக்கும் வயற்பெண்களுக்கும் பட்டப்படிப்பின் தகைமை கோராத குறுங்காலப் பயிற்சிகள் வேண்டும். வீரமுனையையும் காத்தான்குடியையும் ஒருங்கே ஏற்கும் பிரதேச வரலாறு ஒன்றை இருசாராரும் சேர்ந்து எழுதுதல் வேண்டும்.

முல்லைக்காரரின் பேரப்பிள்ளை இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பது பெருஞ் சாதனையே. அப்பிள்ளை கற்றது மீண்டும் அவ்வயலுக்குச் செல்கிறதா என்பதைக் கொண்டே இந்நிறுவனத்தை நாம் மதிப்பிட இயலும்.