எல்ஸ்பெர்க்கின் இரண்டு பானைகள்



பிளஸ் டூ பொருளியல் வகுப்பில் நான் மேசைமேல் இரண்டு பானைகளை வைத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்தச் சோதனையைச் சொன்னவர் டேனியல் எல்ஸ்பெர்க். 1931இல் சிகாகோவில் பிறந்த பொருளியலாளர். 2023 ஜூன் 16 அன்று 92 வயதில் காலமானார். அவர் கதையை அன்று பாதிதான் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன்.

முதல் பானையில் 50 சிவப்புப் பந்து, 50 கறுப்பு. இரண்டாவதிலும் 100 பந்துதான். ஆனால் எந்த நிறம் எத்தனை என்று தெரியாது. சிவப்பு வந்தால் பரிசு என்றால் பெரும்பாலோர் முதல் பானையில் கை விடுவார்கள். சரி, கறுப்புக்குப் பரிசு என்றால்? அப்போதும் அதே பானைதான். இரண்டாவதில் சிவப்பு குறைவு என்று நினைத்தால், கறுப்பு அங்கே அதிகம் இருக்க வேண்டுமே! கணக்கு இடிக்கிறது அல்லவா? வாய்ப்பு எவ்வளவு என்றே தெரியாத இடத்தில் மனிதன் பின்வாங்குகிறான். முடிவெடுப்பதற்குச் சாவேஜ் வகுத்திருந்த விதிகளுக்குள் இது அடங்கவில்லை என்று 1961இல் எல்ஸ்பெர்க் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர் 1964இல் பென்டகனில் சேர்ந்தார். 1965 முதல் 1967 வரை வியட்நாமில் இருந்தார். பிறகு, பாதுகாப்புச் செயலர் மக்னமாரா தயாரிக்கச் சொன்ன சுமார் 7,000 பக்க ரகசிய ஆய்வு அவர் கைக்கு வந்தது. போர் எப்படிப் போகிறது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மக்களிடம் சொன்னது வேறு.

1969 அக்டோபரில் இரவுகளில் அதை நகலெடுக்கத் தொடங்கினார். 13 வயது மகனும் உதவினான். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அவர்மேல் 115 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள். அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள் புகுந்தது அம்பலமானது. 1973 மே 11 அன்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அன்று முதல் பானையையே பிடித்துக்கொண்டவர்களை "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தேன். அது என் தவறு. பந்துகளை எண்ணிப் பார்த்தவர் ஒருவர், பந்தயம் கட்டுபவர் இன்னொருவர் என்றால் தயங்குவதுதான் புத்தி. கடன் பத்திரமோ ஏலச்சீட்டோ, கையெழுத்துப் போடுமுன் பானையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அன்று இரண்டாவது பானையை எடுத்தவர்கள் யார் யார்? கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.