அப்பீல் போட்டாலே ஸ்டே கிடைச்சிடுமா? வழக்குச் செலவு யார் தலையில்?

சென்னை கே.கே. நகரில் ஒரு ஃபிளாட். அதில் குடியிருக்கும் உறவினர் காலி செய்ய வேண்டும் என்று சிவில் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது என வைத்துக்கொள்வோம். அவரோ, "அப்பீல் போட்டாச்சு, இனி யாரும் கை வைக்க முடியாது" என்கிறார். இது சரியா?

சரியில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5-இன்படி, மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. ஸ்டே வேண்டுமென்றால் தனியாக மனு போட வேண்டும்.

கோர்ட் எதைப் பார்க்கும்?

தடை தராவிட்டால் பெரிய இழப்பு வருமா, மனு தாமதமில்லாமல் வந்ததா, தோற்றால் தீர்ப்பை நிறைவேற்ற என்ன உத்தரவாதம்? இதில் மூன்றாவதுதான் பலரையும் சிக்க வைக்கும். பணம் தரச் சொல்லும் தீர்ப்பு என்றால், கோர்ட் சொல்லும் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் தரவோ தவறுபவருக்கு ஸ்டே கிடையாது.

வீடு, கடை வழக்குகளில்? டெல்லி கன்னாட் சர்க்கஸ் கடை ஒன்றின் மாத வாடகை வெறும் 371 ரூபாய் 90 காசு. வெளியேற்றும் உத்தரவுக்கு ஸ்டே கேட்டபோது, மாதம் 15,000 ரூபாய் கட்டச் சொன்னது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் 2004 டிசம்பரில் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில், தீர்ப்பாயம் செய்ததே சரி என்றது சுப்ரீம் கோர்ட். காலி செய்யச் சொன்ன பிறகும் பழைய வாடகையிலேயே வருஷக்கணக்கில் உட்கார முடியாது என்பதுதான் விஷயம்.

ஜெயித்தவரும் சும்மா இருக்கக் கூடாது. பிரிவு 148ஏ-இன்படி கேவியட் போட்டு வைத்தால், 90 நாட்களுக்கு அவருக்கு நோட்டீஸ் போகாமல் ஸ்டே உத்தரவு வராது.

செலவு யாருக்கு?

பொதுவாகத் தோற்றவருக்கு. ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை மறுத்தால், நீதிபதி காரணத்தை எழுத வேண்டும் என்கிறது பிரிவு 35. நடைமுறையில் கிடைப்பது, வக்கீலுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதிதான். பொய் வழக்குக்கு 35ஏ பிரிவில் இழப்பீடு உண்டு. உச்சவரம்பு 3,000 ரூபாய்! அதுவும் மேல்முறையீட்டுக்குப் பொருந்தாது.

ஸ்டே ஆறு மாதத்தில் காலாவதியா?

2018-இல் சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொன்னது உண்மை. 2024 பிப்ரவரி 29-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது ஸ்டேயை நீக்க, எதிர்த்தரப்புதான் மனு போட வேண்டும்.